காரணக்காரரின் வாக்குமூலம்

எங்கள் கம்பெனியில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முகத்துக்கு நேரே ‘அண்ணே’, முதுகுக்குப் பின்னால் ‘காரணக்காரர்’. அவர் லிஃப்ட் மெக்கானிக். நான் அங்கே புகார் மேசையில் இருந்தேன். எந்தக் கட்டிடத்தில் லிஃப்ட் நின்றாலும் முதல் போன் எனக்குத்தான் வரும். நான் சீட்டு எழுதி மெக்கானிக்கிடம் கொடுப்பேன். வேலை முடிந்ததும் அவர் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தருவார். பதினோரு வருஷம் அந்த மேசையில் இருந்தவள் என்பதால் அவர் சொன்ன காரணங்களில் பாதிக்கு மேல் என் காது வழியாகத்தான் போயிருக்கும்.

வேலை தெரியாதவர் சொல்லும் சாக்கு அல்ல அவருடையது. வேலையில் அவர் சூரர். லிஃப்ட் மேலே போகும்போது சுவரில் காதை வைத்துக் கேட்டு, எந்த மாடியில் லிஃப்ட் ஓடும் தண்டவாளம் எண்ணெய் இல்லாமல் வறண்டிருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஆனால் ஏதாவது தவறிப்போனால் அது ஒருநாளும் அவரால் தவறியிருக்காது. தாமதமாக வந்தால் பஸ்காரன். எண்ணெய் சிந்தினால் டப்பா செய்தவன். மழையில் நனைந்து வந்தால் மேகத்தின் மேலேயே வழக்குப் போடுவார் என்று ஸ்டோர்காரர் சொல்லிச் சிரிப்பார். ‘ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம்’ என்ற பழமொழி எங்கள் ஆபீஸில் இவருக்காகப் பாதியாகச் சுருங்கிவிட்டது. அவர் வாயைத் திறந்தாலே யாராவது ஒருவர் மெதுவாக ‘மேடை’ என்பார், மற்றவர்கள் குனிந்துகொள்வார்கள்.

இந்தப் பழக்கம் அவருக்கு இளம் வயதிலேயே வந்தது என்று அவர் மனைவி பிற்பாடு என்னிடம் சொன்னார். தொழிற்பள்ளியில் கடைசிப் பரீட்சையைக் கோட்டை விட்டதற்குக் காரணம், அண்ணன் எழுப்பிவிடவில்லை. அந்த அண்ணனோடு பேச்சு வார்த்தை நின்று முப்பது வருஷம் ஆகியிருந்தது. மகளை நர்ஸ் படிப்பில் சேர்க்கக் கடைசித் தேதிக்குள் விண்ணப்பம் போய்ச் சேரவில்லை. தபால்காரர்கள் மோசம் என்று ஒரு மாதம் திட்டினார். விண்ணப்பம் அவர் சட்டைப் பையிலேயே நான்கு நாள் இருந்ததை மனைவி துவைக்கும்போது பார்த்திருக்கிறார். பார்த்தும் அவரிடம் சொல்லவில்லை. மகள் ஒரு துணி ஆலையில் வேலைக்குப் போனாள், கல்யாணம் கட்டினாள், அப்பாவிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவருடைய ஐம்பத்தோராவது வயதில் நடந்ததுதான் நான் சொல்ல வந்தது.

எங்கள் கம்பெனி பராமரித்து வந்த கட்டிடங்களில் ஆறு மாடி அலுவலகக் கட்டிடம் ஒன்று. அதில் இருந்தது பழைய காலத்து லிஃப்ட். ஒவ்வொரு மாடியிலும் கையால் இழுத்துச் சாத்தும் இரும்புக் கதவு. பெட்டிக்கு என்று உள்ளே தனிக் கதவு கிடையாது. கதவு முழுதாக மூடினால்தான் மேலே உள்ள இரண்டு செப்புத் தகடுகள் ஒன்றை ஒன்று தொட்டு மின்சாரம் ஓடும், லிஃப்ட் நகரும். கதவு ஒரு விரற்கடை திறந்திருந்தாலும் நகரக் கூடாது. அதுதான் அந்த லிஃப்டின் உயிர்நாடி. அதை ஓட்ட ஒரு லிஃப்ட்மேன் இருந்தார். இருபத்திரண்டு வருஷமாக அதே ஸ்டூலில் உட்கார்ந்தவர். ஏறுகிறவர்களின் செருப்பைப் பார்த்தே எந்த மாடி என்று பொத்தானை அழுத்துவார் என்று சொல்வார்கள்.

நான்காம் மாடிக் கதவின் தகடுகள் தேய்ந்துபோயிருந்தன. சில நேரம் கதவை மூடினாலும் தொடாது. லிஃப்ட் அசையாமல் நின்றுவிடும். புதுத் தகடு வேண்டும் என்று காரணக்காரர் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தச் சீட்டை வாங்கியது நான். சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்கி ஸ்டோருக்கு அனுப்ப வேண்டியதும் நான்.

ஒரு திங்கட்கிழமை காலை அந்த லிஃப்ட் மறுபடி நின்றது. அன்று அவர் கையில் எட்டுச் சீட்டு இருந்தது. கூட வரும் ஆள் லீவு. தனியாகப் போய், நான்காம் மாடிக் கதவின் மேல் மூடியைக் கழற்றி, கோளாறு தகட்டில்தானா என்று பார்க்க இரண்டு முனைகளையும் ஒரு சின்னக் கம்பியால் இணைத்தார். லிஃப்ட் ஓடியது. கோளாறு அங்கேதான் என்று தெரிந்துவிட்டது. கம்பியை எடுத்துவிட்டு, தகட்டைத் தேய்த்து வளைத்துத் தற்காலிகமாகச் சரிசெய்ய வேண்டும். முடியாவிட்டால் லிஃப்டை நிறுத்திப் பலகை மாட்ட வேண்டும். அந்த நேரத்தில் சூப்பர்வைசரிடமிருந்து போன். வேறொரு கட்டிடத்தில் லிஃப்ட் பாதியில் நின்று இரண்டு பேர் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், உடனே ஓடு என்றார். இவர் மூடியை மாட்டினார், ஓடினார்.

கம்பி உள்ளேயே இருந்தது. கம்பி இருக்கும்வரை நான்காம் மாடிக் கதவு திறந்திருந்தாலும் மூடியிருப்பதாகத்தான் லிஃப்ட் நினைக்கும்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் லிஃப்ட் ஒரு தடவைகூட நிற்கவில்லை. கட்டிட மேனேஜர் எனக்குப் போன் செய்து, இப்போதுதான் ஒழுங்காக வேலை செய்திருக்கிறீர்கள் என்று பாராட்டினார். அதை அவரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் அடுத்த சீட்டை வாங்கிக்கொண்டு போனார். பாராட்டு அவருக்குப் பழக்கமில்லை, அதனால்தான் என்று நான் நினைத்தேன்.

வியாழக்கிழமை காலை பத்தரை மணி. நான்காம் மாடியில் ஒரு குமாஸ்தா அம்மாள் பழைய கோப்புக் கட்டுகளைக் கீழே இறக்கக் கொண்டுவந்தார். லிஃப்ட்மேன் கதவைத் திறந்து, ஒரு கால் பெட்டியிலும் ஒரு கால் வெளியிலுமாக நின்று கட்டுகளை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டிருந்தார். கீழே யாரோ பொத்தானை அழுத்தினார்கள். கதவு திறந்தபடியே பெட்டி இறங்கியது. குமாஸ்தா அம்மாள் அடுத்த கட்டை எடுக்கத் திரும்பியிருந்தார். சத்தம் கேட்டுத்தான் பார்த்தார்.

லிஃப்ட்மேனின் வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிப்போயிருந்தது. அன்று மாலையே எடுத்துவிட்டார்கள்.

போன் வந்ததும் காரணக்காரர்தான் முதலில் அங்கே போனார். ஆம்புலன்ஸ் அதற்குள் போய்விட்டிருந்தது. எல்லோரும் கீழே கூடி நின்றார்கள். அவர் படியேறி நான்காம் மாடிக்குப் போய், மூடியைக் கழற்றி, கம்பியை உருவிப் பையில் போட்டுக்கொண்டு, மூடியைத் திரும்ப மாட்டினார். அரை நிமிஷ வேலை. யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் மெக்கானிக் ஏதோ சோதிக்கிறார் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

மத்தியானம் லிஃப்ட் இன்ஸ்பெக்டர் வந்து சோதித்தபோது, நான்காம் மாடிக் கதவு திறந்திருந்தால் லிஃப்ட் அசையவே இல்லை. அப்படியானால் எப்படி நகர்ந்தது என்ற கேள்வி வந்தது. கட்டிட மேனேஜர் ஒரு யோசனை சொன்னார். சில லிஃப்ட்மேன்கள் அவசரத்துக்குப் தகட்டின் பின்னால் மடித்த காகிதத்தைச் செருகி ஒன்றை ஒன்று தொட வைத்து, கதவை மூடாமலே ஓட்டுவார்கள். இவரும் அப்படிச் செய்திருக்கலாம் என்றார். எங்கள் சூப்பர்வைசர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். சாயங்காலத்துக்குள் ‘செய்திருக்கலாம்’ என்பது ‘செய்தார்’ ஆகிவிட்டது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அப்படி. காலையும் இழந்து, குற்றவாளியும் ஆனார் அந்த மனிதர்.

மறுநாள் என் மேசை இழுப்பறையில் காலண்டருக்கு அடியில் அந்தச் சீட்டைப் பார்த்தேன். நான்காம் மாடிக்குப் புதுத் தகடு வேண்டும் என்ற சீட்டு. மூன்று வாரமாக அங்கேயே கிடந்திருக்கிறது. வந்த அன்று சூப்பர்வைசர் ஊரில் இல்லை, அப்புறம் வாங்கலாம் என்று வைத்தவள் அப்படியே விட்டுவிட்டேன். அதை மறுபடியும் காலண்டருக்கு அடியிலேயே வைத்து இழுப்பறையை மூடினேன்.

செவ்வாய்க்கிழமை மாலை, கம்பெனி சார்பாக ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரும்படி அவரையும் என்னையும் அனுப்பினார்கள். எட்டுக் கட்டில் போட்ட வார்டு. ஜன்னலோரக் கட்டிலில் லிஃப்ட்மேன் படுத்திருந்தார். கால் இருக்க வேண்டிய இடத்தில் போர்வை தட்டையாகக் கிடந்தது. அவர் மனைவி தலைமாட்டில் நின்றார். எங்களைப் பார்த்ததும் லிஃப்ட்மேன் எழுந்து உட்காரப் பார்த்தார்.

“உங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும், எதுக்குத் தம்பி வந்தீங்க” என்றார்.

காரணக்காரர் வாயே திறக்கவில்லை. நான்தான் ஏதோ ஆறுதல் சொன்னேன். லிஃப்ட்மேன் கூரையைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். பிறகு சொன்னார்:

“படுத்தபடியே யோசிச்சுப் பாத்துட்டேன் தம்பி. காகிதம் எல்லாம் நான் வைக்கல, அது சத்தியம். ஆனா கதவை ஒழுங்கா சாத்தாம பொத்தானை அழுத்திட்டேன் போல. ஒண்ணும் சரியா ஞாபகம் வரல. இருபத்திரண்டு வருஷத்துல ஒரு நாள் கவனம் போயிடுச்சு. யாரைக் குத்தம் சொல்ல முடியும்? என் கை, என் கால்.”

கதவை முழுதாகச் சாத்தாமல் பொத்தானை அழுத்தினால் அந்த லிஃப்ட் நகராது. அது அவருக்கும் தெரியும். இருபத்திரண்டு வருஷம் ஓட்டியவர். தெரிந்திருந்தும், வேறு காரணம் எதுவும் கண்ணில் படாததால் தன் மேலேயே போட்டுக்கொண்டார். அவர் மனைவி, இப்படித்தான் பொழுதுக்கும் தன்னையே திட்டிக்கொண்டிருக்கிறார் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திரும்பும்போது காரணக்காரர் ஆஸ்பத்திரி லிஃப்டில் ஏறவில்லை. படியில் இறங்கினார். இரண்டாம் மாடித் திருப்பத்தில் சட்டென்று உட்கார்ந்துவிட்டார். நானும் ஒரு படி மேலே உட்கார்ந்தேன்.

“தகடு கேட்டு மூணு வாரம் ஆச்சு தங்கச்சி. சீட்டு உன் கையிலதான் கொடுத்தேன்?” என்றார்.

“ஸ்டோருக்கு அனுப்பிட்டேண்ணே” என்றேன். பச்சைப் பொய். அவர் தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு எட்டுச் சீட்டு கொடுத்ததைச் சொன்னார், லீவு போட்ட ஆளைச் சொன்னார், போன் செய்த சூப்பர்வைசரைச் சொன்னார். என்ன சொல்ல வருகிறார் என்று எனக்கு அப்போது புரியவில்லை. வழக்கமான பாட்டு என்றுதான் நினைத்தேன். ஆனால் வழக்கமாக இதையெல்லாம் சொல்லி முடித்ததும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வரும். அன்று வரவில்லை. பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து இறங்கிப் போனார்.

அன்று வீட்டில் நடந்ததை அவர் மனைவி பிற்பாடுதான் எனக்குச் சொன்னார். அவர் உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தாராம். கணவர் எதிரே வந்து உட்கார்ந்து, பையிலிருந்து கம்பியை எடுத்துப் பாயின் மேல் வைத்தார். நடந்ததைச் சொன்னார். சொல்லும்போதே ஸ்டோர்காரன், சூப்பர்வைசர், லீவு போட்டவன் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். மனைவி முழுவதையும் கேட்டார். வாடகை வீடு, கர்ப்பமாக இருக்கும் மகள், இந்த வயதில் வேலை போனால் என்ன செய்வது என்று எல்லாமும் அவர் மனதில் ஓடியிருக்கிறது. கையிலிருந்த துணியை மடித்து வைத்துவிட்டுப் பேசினார்.

“போய்ச் சொல்லிடுங்க” என்றார். “ஆனா ஸ்டோர்காரன், சூப்பர்வைசர்னு ஆரம்பிக்கிறதா இருந்தா போகாதீங்க. அப்படிச் சொல்றதுக்குச் சொல்லாமலே இருக்கலாம்.”

விசாரணை வெள்ளிக்கிழமை காலை நடந்தது. விபத்து நடந்து எட்டாவது நாள். அந்தக் கட்டிடத்திலேயே முதல் மாடியில் ஒரு நீள மேசை போட்ட அறை. இன்ஸ்பெக்டர், கட்டிட மேனேஜர், எங்கள் சூப்பர்வைசர், லிஃப்ட்மேனுக்காக அவர் மனைவி. சொல்வதை எழுதிக்கொள்ள என்னை உட்கார வைத்திருந்தார்கள். உள்ளே போவதற்கு முன்பே சூப்பர்வைசர் காரணக்காரரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்: திங்கட்கிழமை துடைத்தேன், எண்ணெய் போட்டேன், எல்லாம் சரியாக இருந்தது. மூன்றே வாக்கியம்.

முதலில் மேனேஜர் பேசினார். காகிதக் கதை மறுபடி வந்தது. லிஃப்ட்மேனின் மனைவி, அவர் அப்படிச் செய்கிறவர் இல்லை என்று மட்டும் சொன்னார். பிறகு இன்ஸ்பெக்டர் காரணக்காரர் பக்கம் திரும்பி, திங்கட்கிழமை என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டார்.

அவர் எழுந்து நின்றார். உட்கார்ந்தே சொல்லலாம் என்றார் இன்ஸ்பெக்டர். அவர் உட்காரவில்லை. பையிலிருந்து கம்பியை எடுத்து மேசையில் வைத்தார். விரல் நீளம் இருக்கும், சிவப்பு உறை, இரண்டு முனையிலும் உறை உரித்தது.

“இதை நாலாம் மாடிக் கதவுல வெச்சது நான். எடுக்காம விட்டதும் நான். வியாழக்கிழமை யாரும் பாக்காம எடுத்ததும் நான். அவர் எந்தக் காகிதமும் வைக்கல சார். அவர் பேர்ல ஒரு தப்பும் இல்ல.”

சூப்பர்வைசர் நாற்காலியை நகர்த்திய சத்தம் கேட்டது. என் பேனா நின்றுவிட்டது. எழுதுங்கள் என்றார் இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்து. எழுதினேன்.

அந்த இன்ஸ்பெக்டர் கெட்டவர் அல்ல. ஒரு மனிதன் தன் கழுத்தில் தானே கயிற்றைப் போட்டுக்கொள்வதைப் பார்த்து அவருக்கே சங்கடமாக இருந்திருக்க வேண்டும். அன்று எத்தனை இடத்துக்குப் போக வேண்டியிருந்தது என்று கேட்டார். எட்டு என்றார் இவர். கூட ஆள் இருந்தாரா? இல்லை. தகடு தேய்ந்தது கம்பெனிக்குத் தெரியுமா? எழுதிக் கொடுத்திருந்தேன். சூப்பர்வைசர் உடனே குறுக்கிட்டு, அப்படி ஒரு சீட்டு வரவே இல்லை என்றார். அவர் அளவில் அது உண்மை. சீட்டு என் இழுப்பறையில் இருந்தது. காரணக்காரர் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

“அதையெல்லாம் தனியா விசாரிச்சுக்குங்க சார். அது உண்மைதான், விசாரிக்கத்தான் வேணும். ஆனா கம்பியை வெச்ச கை ஒண்ணுதான்” என்றார் அவர்.

இன்ஸ்பெக்டர் கடைசியாக ஒன்று கேட்டார். போன் வந்த அவசரத்தில் மறந்துவிட்டீர்கள், அப்படித்தானே? அது கேள்வி மாதிரி இல்லை. ஏறிக்கொள்ளக் கொடுத்த கை மாதிரி இருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மறதி யாருக்கும் வரும்.

அவர் மேசையில் கிடந்த கம்பியைப் பார்த்துச் சொன்னார்.

“அங்கே மறந்துட்டேன். ஆனா சாயங்காலம் பஸ்ல வீட்டுக்குப் போகும்போது ஞாபகம் வந்துச்சு. இறங்கித் திரும்பிப் போயிருக்கலாம். இங்கே போன் போட்டு லிஃப்டை நிறுத்துங்கன்னு சொல்லியிருக்கலாம். நாளைக்குப் பாத்துக்கலாம்னு உட்கார்ந்துட்டேன். மறுநாளும் அப்படித்தான். லிஃப்ட் நல்லா ஓடுதுன்னு இந்தத் தங்கச்சி வந்து சொன்னப்பகூட, ஓடட்டும்னு விட்டேன்.”

லிஃப்ட்மேனின் மனைவி எழுந்து வந்து, மேசையில் கிடந்த கம்பியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

“இதுவா?” என்று கேட்டார்.

அவர் தலையை ஆட்டினார். அந்த அம்மாள் கம்பியைத் திரும்ப வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. விசாரணை முடிந்து வெளியே வந்தபோது மட்டும் என்னிடம் சொன்னார்: “அவருக்கு நன்றி சொல்லணுமா, மண்ணை வாரித் தூத்தணுமான்னு தெரியலம்மா. ரெண்டும் வருது.”

நான் அன்று வாய் திறக்கவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் என் சமாதானங்கள் எனக்குத் துணையாக இருந்தன. கம்பியை வைத்தவரே ஒப்புக்கொண்டுவிட்டார், என் சீட்டால் இப்போது என்ன ஆகப்போகிறது? சூப்பர்வைசர் ஊரில் இல்லாதது என் குற்றமா? ஒரு நாளைக்கு அறுபது போன் எடுக்கிறவள் ஒரு சீட்டைத் தவற விட மாட்டாளா? எல்லாம் நியாயமாகத்தான் இருந்தன. காரணக்காரரைப் பார்த்து இத்தனை வருஷம் சிரித்தவள், அவருக்கே பாடம் நடத்தும் அளவுக்குத் தேர்ந்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை சீட்டை எடுத்துக்கொண்டு இன்ஸ்பெக்டர் அலுவலகத்துக்குப் போனேன். அவர் வாங்கிப் படித்துவிட்டு, ஏன் வெள்ளிக்கிழமையே சொல்லவில்லை என்று கேட்டார். பயம் என்றேன். அதை மட்டும்தான் சொல்ல முடிந்தது. பிறகு கம்பெனியில் எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள், புகார் மேசையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அன்று இன்ஸ்பெக்டர் அலுவலகத்திலிருந்து நேரே காரணக்காரர் வீட்டுக்குப் போய், ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து நான் சொன்னது பொய் என்று சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டார். அந்தச் சீட்டைப் பற்றி அவர் அதன் பிறகு யாரிடமும் பேசியதாக எனக்குத் தெரியவில்லை.

வழக்கு நடந்தது. அஜாக்கிரதை, தடயத்தை மறைத்தது என்று இரண்டு குற்றம். தானாக முன்வந்து சொன்னதைக் கணக்கில் எடுத்து நீதிபதி நான்கு மாதம் ஜெயில் விதித்தார். மெக்கானிக் லைசென்ஸை நிரந்தரமாக ரத்து செய்தார்கள். கம்பெனி அதற்கு முன்பே அவரை வேலையை விட்டு நீக்கியிருந்தது. லிஃப்ட்மேன் மேல் இருந்த குற்றச்சாட்டு நீங்கியது. செயற்கைக் கால் பொருத்திக்கொண்டு அதே கட்டிடத்தில் கீழ்த் தளத்தில் விசாரிப்பு மேசையில் உட்கார்ந்தார்.

ஜெயிலில் இருந்து வந்த வாரமே காரணக்காரர் அவரைப் பார்க்கப் போனார். மேசைக்கு முன்னால் போய் நின்று, மன்னிக்கச் சொல்லிக் கேட்டார். லிஃப்ட்மேன் வரிசையில் நின்ற இரண்டு பேருக்குப் பதில் சொல்லி அனுப்பிவிட்டு, இவரைப் பார்த்துச் சொன்னாராம்:

“கால் போனதைக்கூட விட்டுடறேன் தம்பி. எட்டு நாள் நான் என்னையே திட்டிக்கிட்டுக் கிடந்தேன். ஆஸ்பத்திரிக்கு வந்து நின்னு அதைக் கேட்டுட்டுப் போனே பாரு. அதை எப்படி மன்னிக்கறது? எனக்குத் தெரியல.”

காரணக்காரர் அதை என்னிடம் சொன்னபோது, லிஃப்ட்மேன் சொன்னது சரிதான் என்றார், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஒரு ஷட்டர் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். கடைகளின் இரும்பு ஷட்டர்களுக்கு ஸ்பிரிங் மாற்றுவது, மசகு போடுவது. தன்னை விடப் பாதி வயதுக்காரனிடம் கையாள் வேலை. குறையாகச் சொன்னதில்லை. அண்ணன் வீட்டுக்கு ஒரு நாள் தானே போனார். கதவைத் திறந்த அண்ணன், முப்பது வருஷம் கழித்து வந்தவரைப் பார்த்து, வா என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்தாராம். மகளிடமும் விண்ணப்பத்தைப் பற்றிச் சொன்னார். “தெரியும்ப்பா, அம்மா அன்னிக்கே சொல்லிட்டாங்க” என்றாள் அவள். அது அவரை எவ்வளவு உலுக்கியது என்று மனைவி சொன்னார். சிரித்தபடிதான் சொன்னார், ஆனாலும் கண் கலங்கியிருந்தது.

ஆளே மாறிவிட்டார் என்று சொல்லலாம், ஆனால் கொஞ்ச காலம் அளவுக்கு மீறி மாறிவிட்டார். பால் பொங்கினாலும் என் தப்பு, பேரனுக்குச் சளி பிடித்தாலும் என் தப்பு. பக்கத்து வீட்டில் குழாய் உடைந்ததற்கே வருத்தம் தெரிவித்திருக்கிறார். கடைசியில் மனைவி ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்: “முன்னாடி எதுக்குமே நீங்க காரணம் இல்ல. இப்ப எல்லாத்துக்குமே நீங்கதான் காரணம். உலகத்தை நீங்களா சுத்தி விடறீங்க? செஞ்சதுக்குச் செஞ்சேன்னு சொல்லுங்க, செய்யாததுக்குச் சும்மா இருங்க.” அதற்குப் பிறகு ஓரளவு அடங்கினார்.

அறுபத்து மூன்றாவது வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு. நான் போனபோது வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். ஷட்டர் கடை முதலாளி, பழைய ஸ்டோர்காரர், அண்ணன் குடும்பம். மூன்றாம் மாடி வீடு. லிஃப்ட் கிடையாது.

பதினோரு மணி வாக்கில் படியில் விட்டு விட்டு ஒரு சத்தம் கேட்டது. ஏறுகிறவர் ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினார். வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். லிஃப்ட்மேன். ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, செயற்கைக் காலை ஒவ்வொரு படிக்கும் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். வயது எழுபதை எட்டியிருந்தது. கை கொடுக்கப் போனேன். வேண்டாம் என்று தலையை அசைத்தார்.

உள்ளே வந்து, படுக்க வைத்திருந்தவரின் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். மகள் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். உட்கார்ந்தார். வந்தவர்கள் போனார்கள், புதிதாக வந்தார்கள். அவர் மட்டும் எழுந்திருக்கவில்லை. அவர் யார் என்று அண்ணன் என்னிடம் காதோடு கேட்டார். சொன்னேன்.

காரணக்காரரின் மனைவி எழுந்து வந்து அவர் முன்னால் நின்றார்.

“மூணு மாடி ஏறினதுல மூச்சு வாங்குதும்மா” என்றார் லிஃப்ட்மேன். “கொஞ்சம் தண்ணி கொடு. எடுத்துட்டுப் போற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்.”